லேப்டாப்பில் விசித்திரமான சத்தம் வருகிறதா? எது சாதாரணம், எது ஆபத்து?

இன்று நம் வீடுகளில் லேப்டாப் என்பது ஒருவருக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. மகனின் கல்லூரி புராஜெக்ட், மகளின் ஆன்லைன் வகுப்பு, கடைக் கணக்கு, வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுடன் வீடியோ அழைப்பு, பாஸ்போர்ட், விசா நகல்கள், நிக்காஹ் புகைப்படங்கள் என்று குடும்பத்தின் பல முக்கியமான விஷயங்கள் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து திடீரென்று 'கீஈஈ' என்றோ, 'டக் டக்' என்றோ, 'சடசட' என்றோ சத்தம் வந்தால் மனம் பதறுவது இயல்புதான்.

இத்தகைய நேரத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, 'பழசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். அல்லது உடனே கடைக்கு எடுத்துச் சென்று, என்ன பழுது என்றே தெரியாமல் போர்டை மாற்றச் சொல்லும் அளவுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் லேப்டாப் எழுப்பும் சத்தங்களில் பல எந்தத் தீங்கும் இல்லாதவை. சில சத்தங்கள் நம் கோப்புகள் அழியப்போவதை முன்கூட்டியே சொல்பவை. மிகச் சில மட்டும் வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்தானவை. இந்த மூன்றையும் பிரித்து அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. காதும், சில நிமிடப் பொறுமையும் போதும்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சத்தம் எங்கிருந்து வருகிறது? லேப்டாப்பின் உள்ளிருந்தா, சார்ஜர் பெட்டியிலிருந்தா, சுவரில் உள்ள பிளக் பாயின்டிலிருந்தா, ஸ்பீக்கரிலிருந்தா? ஒரு காகிதத்தைக் குழாய் போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை லேப்டாப்பின் வெவ்வேறு பகுதிகளுக்கு அருகிலும் வைத்துக் கேட்டால் இடம் ஓரளவு தெளிவாகத் தெரிந்துவிடும். பிளக் பாயின்டுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே சத்தம் வந்தால் சற்றுத் தள்ளி நின்றாலே கேட்கும்.

எப்போது வருகிறது? ஆன் செய்தவுடனா, சூடான பிறகா, சார்ஜ் ஏறும்போது மட்டுமா, படம் பார்க்கும்போதா, சும்மா இருக்கும்போதா?

எதைச் செய்தால் மாறுகிறது? இதுதான் மூன்றிலும் முக்கியமான கேள்வி. ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தத்தை மியூட் செய்யுங்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். பக்கத்தில் இருக்கும் மொபைலை வேறு அறைக்கு அனுப்புங்கள். சார்ஜரை வேறு அறையின் பிளக்கில் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எதனால் சத்தம் நின்றது என்று தெரியாது.

இந்தச் சோதனைகளுக்கு நடுவே கருகிய வாசனை, புகை, தீப்பொறி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் சோதனையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் என்ன செய்வது என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

மெல்லிய 'கீஈஈ' சத்தம்

அமைதியான இரவில் காது கொடுத்துக் கேட்டால் மட்டும் கேட்கும் கொசு ரீங்காரம் போன்ற சத்தம் இது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் மாறும். கேம் ஆடினால் கூடும். மவுஸை அசைத்தால் சில நேரம் நின்றுவிடும். கணினித் துறையில் இதற்குக் 'காயில் வைன்' என்று பெயர்.

காரணம் எளிமையானது. சார்ஜரிலிருந்து லேப்டாப்புக்கு வருவது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். உள்ளே இருக்கும் பிராசசருக்குத் தேவையோ ஏறத்தாழ 1 வோல்ட்தான். இடையில் உள்ள சுற்றுகள் மின்சாரத்தை ஒரு விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி இந்த மாற்றத்தைச் செய்கின்றன. அந்த வேகம் மனிதக் காதுக்கு எட்டாதது. நம் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஆனால் பிராசசரின் வேலை கூடிக் குறையும்போது மின்னோட்டமும் அலை அலையாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் விழுகிறது. அப்போது போர்டில் உள்ள கம்பிச் சுருள்களும், சிறிய செராமிக் கெபாசிட்டர்களும் மிக நுண்ணிய அளவில் அதிர்கின்றன. போர்டு முழுவதும் அந்த அதிர்வை வாங்கி, ஒரு சிறிய பறை போல ஒலிக்கிறது.

இந்தச் சத்தத்தால் லேப்டாப் கெடாது, தீயும் பிடிக்காது. புதிய, விலை உயர்ந்த லேப்டாப்பிலும் இது வரலாம். வீட்டில் பிள்ளைகள் 'சத்தம் கேட்கிறது' என்று சொல்லி, பெரியவர்கள் 'ஒன்றும் கேட்கவில்லையே' என்று மறுத்தால் பிள்ளைகளைப் பொய் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். வயது ஏற ஏற உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் குறைகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்பது ஐம்பது வயதுக்காரருக்குச் சுத்தமாகக் கேட்காமல் போகலாம்.

தொந்தரவாக இருந்தால் பவர் செட்டிங்கில் பிராசசரின் உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும்போது மட்டும் ரீங்காரம் வந்தால், திரையின் விளக்கை வேகமாக அணைத்து ஏற்றி மங்கலாக்கும் சுற்றிலிருந்து வருகிறது என்று பொருள். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் போதும். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் சத்தம் மிக அதிகமாக இருந்தால், மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கடையில் சொல்லிவிடுங்கள்.

மின் சத்தம் போலத் தோன்றும் விசிறி

பலர் மின்கோளாறு என்று நினைப்பது உண்மையில் உள்ளே இருக்கும் சிறு விசிறியின் சத்தம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. காயில் வைன் நாம் செய்யும் வேலைக்கு ஏற்ப அந்தக் கணமே மாறும். விசிறிச் சத்தம் மெல்ல மெல்ல ஏறி, சில விநாடிகள் கழித்தே இறங்கும். 'கர்ர்' என்று உரசினால் தூசி அடைத்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்துப் பயன்படுத்துவதால் காற்றுத் துளைகள் அடைபட்டு விசிறி எப்போதும் உச்ச வேகத்தில் சுழலும். மேசையோ, குறைந்தது ஒரு கெட்டியான பலகையோ அவசியம். சுத்தம் செய்கிறோம் என்று பலமான காற்றை நேராக ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

'டக்... டக்... டக்...' என்றால் தாமதம் வேண்டாம்

சற்றுப் பழைய லேப்டாப்புகளில் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதற்குள் வட்டத் தகடுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கின்றன. தகட்டைப் படிக்கும் முனை, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் அதன் மீது மிதக்கிறது. லேசான 'கறகற' சத்தமும், எப்போதாவது வரும் ஒற்றை 'டக்'கும் வழக்கமானவை.

ஆனால் கடிகாரம் போலச் சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று வந்து, கூடவே லேப்டாப் உறைந்து நின்றால், படிக்கும் முனையால் தகட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். டிஸ்க் இன்னும் ஒரு மாதம் ஓடலாம், இன்றிரவே நின்றும் போகலாம்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். வேறு எந்த வேலையும் செய்யாமல், முக்கியமான கோப்புகளை முதலில் பென் டிரைவுக்கோ வெளி டிஸ்க்குக்கோ நகலெடுங்கள். சான்றிதழ்களும் ஆவணங்களும் முதலில், குடும்பப் புகைப்படங்கள் அடுத்து, சினிமாவும் சாப்ட்வேரும் கடைசியில். டிஸ்க்கைச் சரி செய்யும் ஸ்கேன்களை நகலெடுப்பதற்கு முன் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது கூடுதல் பாரம். லேப்டாப் டிஸ்க்கையே காணவில்லை என்று சொன்னால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். டிஸ்க்கைத் திறந்து பார்க்கவே கூடாது. ஒரு தூசித் துகள் போதும் தகட்டைக் கீறிவிட.

சந்தேகம் மட்டும் இருந்தால் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் இந்த 'டக் டக்' அதில் வராது. அதே காரணத்தால் அது பெரும்பாலும் எச்சரிக்காமலே நின்றுவிடும். ஆகவே எந்த வகையாக இருந்தாலும் முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

சார்ஜரும் பிளக் பாயின்டும்

சார்ஜர் பெட்டிக்குள் நம் வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி, பிறகு 19 வோல்ட்டாகக் குறைகிறது. காதை அருகில் வைத்தால் கேட்கும் லேசான ரீங்காரம் இயல்பானது. பேட்டரி நிறைந்து, வேலை குறைவாக இருக்கும்போது அது சற்றுக் கூடவும் செய்யலாம். நேற்று வரை இல்லாத உரத்த 'உர்ர்' சத்தம், கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாசனை ஆகியவை சேர்ந்தால் சார்ஜரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிளக்கிலிருந்து கழற்றிய பிறகும் அதன் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். திறந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

'சடசட', 'பட்பட்' என்ற சத்தம் பிளக் பாயின்டிலிருந்து வந்தால் அது வேறு விஷயம். பிளக் ஊசியும் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடும் சரியாகத் தொடாமல், இடைவெளியில் மின்சாரம் தாவுகிறது. அப்படித் தாவும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் கடுமையாகச் சூடேறும். சுவிட்ச் போர்டு கருகுவதும், வீடுகளில் தீப்பிடிப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று அந்தத் தகடுகளை வேகமாக அரிப்பதால் கூடுதல் கவனம் தேவை. சுவிட்சை அணைத்துவிட்டு அந்தப் பாயின்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள். பிளக்கை ஆட்டி ஆட்டி வேலை செய்ய வைப்பது தீர்வல்ல.

வெளிநாட்டு லேப்டாப்பின் பிளக்

நம் சமுதாயத்தில் பல வீடுகளில் உள்ள லேப்டாப் துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தது. அதன் பிளக்கில் மூன்று தட்டையான, தடித்த ஊசிகள் இருக்கும். நம் சுவரில் அது நுழையாது. உடனே ஒரு மலிவான கன்வெர்ட்டரை வாங்கி மாட்டுகிறோம், அல்லது பிளக்கை வெட்டி வயரை முறுக்கிச் சொருகுகிறோம்.

இங்கே வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை. சார்ஜரின் மீது '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் அது நம் ஊருக்கும் பொருந்தும். பிரச்சினை எர்த்தில்தான். மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. தளர்வாகவும் உட்காரும். பிளக்கை வெட்டினால் எர்த்தோடு சேர்ந்து அந்த வகைப் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசும் போய்விடும். சடசட சத்தத்துக்கும், அடுத்து நாம் சொல்லப்போகும் 'சுர்ர்' உணர்வுக்கும் பல வீடுகளில் இதுவே காரணம்.

தீர்வு மிக எளிது. பெரும்பாலான சார்ஜர்களில் சுவருக்குச் செல்லும் கேபிள் தனியாகக் கழன்று வரும். சார்ஜரில் நுழையும் அதன் முனையில் மூன்று துளைகள் இருக்கும். அதே முனையும், மறுபக்கம் நம் ஊர் மூன்று ஊசிப் பிளக்கும் கொண்ட கேபிளைக் கணினிக் கடையில் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. முழுச் சார்ஜரையும் மாற்ற நேர்ந்தால், பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஐ.எஸ். 13252' என்ற எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கை வைத்தால் 'சுர்ர்' என்கிறதா?

உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜ் ஏறும்போது தடவினால் நுண்ணிய அதிர்வு போல உணர்வோம். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் வழியாக மிகச் சொற்பமான மின்னோட்டம் கசிந்து உடலுக்கு வருகிறது. எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் நம் விரல் வழியாகப் போகிறது. நல்ல சார்ஜரில் இந்த அளவு ஆபத்தானது அல்ல. ஆனால் பழுதான சார்ஜரிலும் முதல் அறிகுறி இதே உணர்வாக இருக்கலாம். இரண்டையும் விரலால் பிரித்தறிய முடியாது.

ஆகவே 'சுர்ர்' என்றால் முதலில் எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளைப் பாயின்ட் இருந்தும் எர்த் வயர் உள்ளே இணைக்கப்படாமலே இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனிடம் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் அதையும் பொருத்தச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் 'சுர்ர்' என்றால் அந்தச் சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு ஊசி மட்டுமே உள்ள சார்ஜர்களில் எர்த் இணைப்பே கிடையாது. அவற்றில் லேசான உணர்வு வரக்கூடும் என்பதால் தரமான சார்ஜர் என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம். உளூ செய்த ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் சார்ஜ் ஏறும் லேப்டாப்பைத் தொடும் பழக்கத்தைப் பெரியவர்களும் பிள்ளைகளும் விட வேண்டும்.

ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' இரைச்சல்

பள்ளிவாசலிலோ திருமண மண்டபத்திலோ லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையருடன் இணைத்தவுடன் 'ம்ம்ம்' என்று பெரும் இரைச்சல் எழுவதைப் பலரும் கேட்டிருப்போம். லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொரு பிளக்கிலும் இருக்கும்போது, இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்ட்டேஜ் வேறுபாடு இருக்கும். அது ஆடியோ கேபிள் வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் காரணம் இதுவே.

பயான் முடியும் வரை பேட்டரியில் ஓட்டலாம். இரண்டையும் ஒரே பிளக் போர்டில் இணைத்துப் பார்க்கலாம். நிரந்தரத் தீர்வுக்கு ஆடியோ கேபிளின் நடுவே மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் ஊசியை உடைப்பதும் எர்த் வயரைக் கழற்றுவதும் சிலரிடம் வழக்கமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் ஒரு கசிவு ஏற்பட்டால் மைக்கைப் பிடித்திருப்பவர் மீது அது பாயும். ஒருபோதும் செய்யக் கூடாத காரியம் இது.

ஸ்பீக்கரில் 'டிட்-டிடிட்-டிடிட்' என்று விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் உள்ள மொபைல்தான் காரணம். 2ஜி அலைவரிசையில் மொபைல் விநாடிக்கு 217 முறை துடிப்பதை ஸ்பீக்கர் வயர் பிடித்துக்கொள்கிறது. மொபைலை ஓரடி தள்ளி வைத்தால் போதும். ஹெட்போனில் மவுஸ் அசைவுக்கேற்பக் 'கீச்' சத்தம் வந்தால் யு.எஸ்.பி. சவுண்டு கார்டோ புளூடூத் ஹெட்போனோ அதைத் தீர்க்கும். மின்வெட்டின்போது மட்டும் சார்ஜரும் மின்விசிறியும் சேர்ந்து உறுமினால், இன்வெர்ட்டர் தூய சைன் அலை தராத வகையைச் சேர்ந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள்

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் சோதனை செய்துகொண்டிருக்கக் கூடாது.

- 'பட்' என்ற வெடிப்புச் சத்தம், கருகிய வாசனை, புகை.
- 'உஸ்ஸ்' என்று காற்று கசியும் சத்தம், இனிப்பும் ரசாயனமும் கலந்த வாசனை.
- டச் பேடோ கீபோர்டோ மேலே புடைத்து நிற்பது, மூடி சரியாக மூடாதது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது. பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளங்கள் இவை.
- பிளக்கிலோ சார்ஜர் முனையிலோ தொடர்ச்சியான தீப்பொறி.

பிளக்கைத் தொடாமல் சுவிட்சையோ மெயினையோ அணையுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. லேப்டாப்பை அணைத்து, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத தரையில் வைத்து, விரைவில் சர்வீஸ் மையத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. புகையோ தீயோ வந்துவிட்டால் லேப்டாப்பைக் காப்பாற்ற முயல வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்து வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112 எண்ணுக்கு அழையுங்கள். மின்சாரம் இருக்கும் நிலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடைக்குக் கொண்டு செல்லும் முன்

சத்தத்தை மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடையில் காட்டும்போது அது வராமல் போவது வழக்கம். 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாமல், 'சார்ஜ் போட்டால் மட்டும் வருகிறது, கழற்றினால் நிற்கிறது' என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு அதனால் குறையும். கோப்புகளை நகலெடுத்த பிறகே லேப்டாப்பை ஒப்படையுங்கள். வீட்டுப் பெண்களின் புகைப்படங்களும் வங்கி விவரங்களும் அதில் இருந்தால், நகலெடுத்ததும் அவற்றை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுப்பது பாதுகாப்பு.

வீட்டில் ஒருவராவது இந்தச் சத்தங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது நல்லது. சார்ஜரையும் பிளக்கையும் பெரும்பாலும் கையாள்பவர்கள் அவர்கள்தான். 'சடசட' என்று கேட்டால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரு விஷயத்தை மட்டுமாவது இன்றே அவர்களிடம் சொல்லிவிடுவோம்.